பாட்டிக்குத் தெரியக் கூடாது!

சீனாவில் அப்பாவைப் பெற்ற பாட்டியை 'நை நை' என்று கூப்பிடுவார்கள். நம் ஊரில் 'நை நை' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்! 'தி ஃபேர்வெல்' படத்தில் வருகிற பாட்டிக்கு இரண்டு அர்த்தமும் பொருந்தும். நியூயார்க்கில் இருக்கும் பேத்தி பில்லியிடம் போனிலேயே ஆயிரம் விசாரணை. குளிருக்குத் தொப்பி போட்டாயா, காதுத் தோடு பத்திரமா என்று! வெறும் தலையோடு நின்றுகொண்டு 'போட்டிருக்கேன்' என்கிறாள் பேத்தி. ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு தங்கை வீட்டில் இருப்பதாகச் சொல்கிறாள் பாட்டி. ஆரம்பமே ஆளுக்கொரு பொய்!

2019ல் வந்த இந்தப் படத்தை எழுதி இயக்கியவர் லூலூ வாங். ஆறு வயதில் பெற்றோருடன் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபோனவர். சொந்தப் பாட்டிக்கு நடந்ததைத்தான் கதையாக்கியிருக்கிறார்.

கல்யாணம் ஒரு சாக்கு

சாங்சுன் நகரத்தில் இருக்கும் பாட்டிக்கு நுரையீரலில் புற்றுநோய், முற்றிவிட்டது. மூன்று மாதம்தான் என்கிறார் டாக்டர். விஷயம் பாட்டியின் தங்கைக்குத் தெரிகிறது. ஜப்பானில் இருக்கும் பெரிய மகனுக்குத் தெரிகிறது. அமெரிக்காவில் இருக்கும் சின்ன மகனுக்குத் தெரிகிறது. பாட்டிக்கு மட்டும் தெரியாது. தெரியவும் கூடாது!

எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் பாட்டிக்குச் சந்தேகம் வராதா? பேரன் ஹாவ் ஹாவுக்குக் கல்யாணம் என்று ஒரு சாக்கு. பெண் ஜப்பான்காரி, சீன மொழி ஒரு வார்த்தை தெரியாது. இருவரும் பழகி மூன்றே மாதம். 'ஊருக்கு ஒரு வருஷம்னு சொல்லுங்க' என்று பாட்டியே பொய் சொல்லித் தருகிறாள் பாருங்கள்! மண்டபம், சாப்பாடு என்று மும்முரமாக அலைகிறாள். மற்றவர்கள் அந்தண்டை திரும்பிக் கண்ணைத் துடைத்துக் கொள்கிறார்கள். சிரிக்கிறோம், தொண்டை அடைக்கிறது.

எந்த ஊர்ப் பெண்?

மனசில் இருப்பதை முகம் காட்டிவிடும் என்று பில்லியைப் பெற்றோர் வரவேண்டாம் என்கிறார்கள். அவளோ தானே டிக்கெட் வாங்கி வந்து நிற்கிறாள். அமெரிக்காவில் வளர்ந்த அவளுக்கு இது அநியாயமாகப் படுகிறது. பாட்டி யாரிடமாவது ஏதாவது சொல்ல நினைத்தால்? விடைபெற நினைத்தால்?

பெரியப்பா சொல்லும் நியாயம் வேறு. ஒருவருடைய உயிர் அவருக்கு மட்டும் சொந்தமில்லை, குடும்பத்துக்கே சொந்தம். அந்தப் பாரத்தை நாம்தான் சுமக்க வேண்டும் என்கிறார். இந்தப் பாட்டியே தன் கணவருக்கு இதே போல் மறைத்தவள்தானாம்! சாப்பாட்டு மேஜையில் 'நாம் சீனர்களா, அமெரிக்கர்களா?' என்று சண்டை வேறு. தாத்தா சமாதியில் சிகரெட் வைக்கலாமா என்று ஒரு வாக்குவாதம்! ஊரை விட்டுப் போனவர்களின் மனசு இரண்டாகக் கிடப்பதை இந்தச் சின்னச் சின்னச் சண்டைகளிலேயே காட்டிவிடுகிறார் லூலூ வாங்.

பில்லியாக நடித்த அக்வாஃபினாவுக்கு 2020ல் கோல்டன் குளோப் பரிசு கிடைத்தது. பாட்டியாக ஜாவ் ஷூஜென் நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார். நிஜப் பாட்டியின் தங்கை, படத்திலும் தங்கையாகவே வருகிறார். சாங்சுனிலேயே படம் பிடித்தும், கதை எதைப் பற்றியது என்று நிஜப் பாட்டிக்கு மூச்சு விடவில்லையாம்!

சொல்லலாமா, கூடாதா?

இது கீழை நாட்டு வழக்கம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1961ல் அமெரிக்க டாக்டர்களைக் கேட்டபோது, 100க்கு 90 பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். 1979ல் அதே கேள்விக்கு 97 பேர் சொல்லிவிடுவோம் என்றார்கள். இருபதே வருஷத்துக்குள் அங்கேயும் மனசு மாறியிருக்கிறது!

படத்தின் முடிவில் நிஜப் பாட்டியைக் காட்டுகிறார்கள். நோய் தெரிந்து ஆறு வருஷம் கழித்தும் நன்றாகவே இருந்தார்! அதற்காக, மறைத்ததால்தான் பிழைத்தார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டாக்டர் சொல்லும் கெடு ஒரு கணக்குத்தான். ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு விதம்.

நம் வீடுகளிலும் இது நடப்பதுதானே? 'அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்' என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கிசுகிசுக்கிறோம். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் விஷயம் தெரியாதவர் சிகிச்சைக்கு எப்படி ஒத்துழைப்பார்? வீடு, நகை, பேத்தி கல்யாணம் என்று சொல்ல நினைப்பதை எப்போது சொல்வார்? பல பேர் நம் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, நமக்காகத் தெரியாத மாதிரி இருப்பார்கள். அந்தத் தனிமை கொடுமை இல்லையா?

மறைப்பதா, சொல்வதா என்று நாமே தீர்மானிக்காமல் பெரியவரையே கேட்டுவிடலாம். 'ரிப்போர்ட் வந்ததும் உங்ககிட்ட சொல்லட்டுமா, இல்ல எங்ககிட்ட சொன்னா போதுமா?' என்று, பரிசோதனைக்குப் போகும் முன்பே கேட்பது நல்லது. 'எனக்கு வேண்டாம், நீங்களே பார்த்துக்குங்க' என்றால் அது அவர் விருப்பம். 'சொல்லு' என்றால் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள்.

மாமியாரோ அம்மாவோ வீட்டில் இருந்தால் அவர்களோடு சேர்ந்து இந்தப் படத்தைப் பாருங்கள். எப்படிக் கேட்பது என்று தயங்கும் கேள்வியை, படம் முடிந்ததும் காபி ஆற்றும்போது சுலபமாகக் கேட்டுவிடலாம்.