திண்ணை: கதவுக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங்

மதியம் ஒரு மணிக்கு தண்டலம் பஸ் ஸ்டாப்ல நின்னிருக்கீங்களா? நிழலுக்காக ஏதாவது ஒரு கடை ஓரமா ஒதுங்குவோம். ஒரகடம் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸை எதிர்பார்க்கிறவங்களும் பக்கத்துல வந்து நிப்பாங்க. ஒரு காலத்துல அந்த நிழலை வீடுகளே தெருவுக்குக் கொடுத்துச்சு. அதுதான் திண்ணை.

வாசல் கதவுக்கு இருபுறமும் உயர்த்திக் கட்டிய மேடை, மேலே தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு. இதுல என்ன இன்ஜினியரிங்னு கேட்டா, கணக்கு போட்டுப் பாருங்க.

நம்ம அட்சரேகை சுமார் 13 டிகிரி. மார்ச் 21 நண்பகல்ல சூரியன் 77 டிகிரி உயரத்துல இருக்கும். தெற்குச் சுவருக்கு 1.5 மீட்டர் சாய்ப்பு இருந்தா, நிழல் 1.5 × டேன் 77, அதாவது சுமார் 6.5 மீட்டர் இறங்கும். முழுச் சுவரும் தப்பிச்சுது. டிசம்பர் 21ல சூரியன் 53.5 டிகிரிதான். அப்பவும் 2 மீட்டர் நிழல் உண்டு.

மேற்குப் பக்கம்தான் சிக்கல். மாலையில சூரியன் நேரெதிரே 30 டிகிரியில இருந்தா, அதே சாய்ப்பு 0.87 மீட்டர்தான் மறைக்கும். பழைய வீடுகள்ல குனிஞ்சு நுழையுற அளவுக்குக் கூரையை இறக்கினதுக்கு இது ஒரு காரணம். ஐப்பசி மழைச் சாரல்ல மண்சுவர் கரையாம காப்பது இன்னொரு காரணம்.

பகல்ல சூடேறின சுவர் ராத்திரி அந்தச் சூட்டை ரூமுக்குள்ள விடும். மேற்குச் சுவர் ஓரம் கட்டில் போட்டிருக்கிற ரூம்மேட்டைக் கேளுங்க, சொல்வார். உள்ளே திரை போடுறதைவிட, வெயிலை வெளியிலேயே நிறுத்துறதுதான் பலன் தரும்.

கதவு பூட்டியிருந்தாலும் திண்ணை திறந்தே இருக்கும். வழிப்போக்கர் தலை சாய்க்க ஓரத்துல சரிவா ஒரு திண்டும் கட்டி வெச்சாங்க. ஆனா எல்லாத் திண்ணையிலும் எல்லாரும் உட்கார முடிஞ்சதில்லை. சாதி அங்கேயும் கோடு போட்டிருந்துச்சு.

இப்போ ரோடு போடப் போட உயர்ந்து, திண்ணை பள்ளத்துக்குப் போயிடுச்சு. மிச்ச இடத்தைக் கார் போர்டிகோவும் கிரில் கேட்டும் எடுத்துக்கிச்சு. 'திண்ணைப் பிரச்சாரம்' மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் நடக்குது!

நேர்ல பார்க்கணும்னா முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போங்க. பழைய செட்டிநாட்டு வீட்டைப் பிரிச்சுக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்காங்க. ஒரு மதியம் திண்ணையில உட்கார்ந்துட்டு, அப்புறம் வெயில்ல கிடக்கிற சுவரைத் தொட்டுப் பாருங்க.

அடுத்த தடவை பில்டிங் பிளான் வரையும்போது, காம்பவுண்டுக்கு வெளியே ரோட்டைப் பார்த்து 1.5 மீட்டர் நிழலும் ஒரு மேடையும் சேருங்க. யார் வேணும்னாலும் உட்காரட்டும்.