பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கும் மலைநாட்டின் பழைய அரணும்

ஊர்ப்பெயர்களுட் சில, அவ்விடத்தினின்று மறைந்துபோன பொருளை இன்றுந் தாங்கி நிற்பன. பொகவந்தலாவை என்பது அத்தகையதொரு பெயர். அதன் ஈற்றிலுள்ள தலாவை என்னுஞ் சிங்களச் சொல் மரமற்ற திறந்த புல்வெளியைக் குறிக்கும். தியத்தலாவை, தலவாக்கலை என்னும் பெயர்களிலும் அச்சொல்லே பயில்கின்றது. ஆயின், இன்று கெசல்கமு ஓயாவின் கரையில் நின்று நோக்குவோனுக்குத் தோன்றுவது புல்வெளியன்று. நீர்க்கரை தொடங்கி மலைச்சரிவு முழுதும் தேயிலையே. பழைய புல்வெளியைக் காண விழைவோன் கிழக்கே உயர்ந்து நிற்கும் ஹோட்டன் சமவெளிக்கு ஏறுதல் வேண்டும்.

மகா எலிய என முன்னர் வழங்கிய இச்சமவெளி, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,100 மீற்றர் உயரத்திலுள்ளது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளின் தலைநீரும் இதனைச் சார்ந்தே பிறக்கின்றது. இங்குள்ள புல்வெளியைப் பத்தனை என்பர். தலவாக்கலையை அடுத்துள்ள பத்தனை என்னும் ஊர்ப்பெயரும் இதனை நினைவூட்டும். குளிரும் பனியும் மூடிய வெளியில் முரட்டுப் புல் அடர்ந்திருக்கும். இடையிடையே செந்நிறப் பூவுடைய காட்டுப்பூவரச மரங்கள் தனித்து நிற்கும். ஓரங்களிற் குறிஞ்சியின் இனத்துச் செடிகள் செறிந்த குறுங்காடு தொடங்கும். மாலையில் மரைகள் மேய வரும்.

இப்புல்வெளி இயற்கையானதா, மாந்தர் காட்டை எரித்ததால் உண்டாயதா என்பது நெடுநாளைய வினா. 1899இல் பியர்சன் என்னுந் தாவரவியலாரும், 1951இல் ஹோம்ஸ் என்பாரும் பத்தனைகளை விரிவாக ஆராய்ந்தனர். பிற்காலத்தில் ஹோட்டன் சமவெளியின் சேற்றுப் படைகளிற் புதைந்த மகரந்தத் துகள்களை ஆராய்ந்தோர், பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்னரே மனிதர் அங்குத் தீயிட்டும் தானியப் புற்களைப் பேணியும் வந்தனர் என்று கூறினர். தானியம் பற்றிய முடிபை எல்லோரும் ஏற்பரென்பதில்லை. ஆயினும் உயர்நிலம் ஆளற்றுக் கிடந்தது என்ற பழைய எண்ணம் இனி நில்லாது. பள்ளத்தாக்கின் கீழ்ப்புறத்து அம்பகமுவைக் கல்வெட்டும் இதற்குச் சான்று பகரும்: 11ஆம் நூற்றாண்டில் அரசுகட்டிலேறிய முதலாம் விசயபாகு, சிவனொளிபாதம் செல்லும் யாத்திரிகருக்கு உணவளித்தற்பொருட்டுக் கிராமங்களை ஒதுக்கியமையை அது கூறுகின்றது.

இனி அரண்கள். இங்கிலாந்தின் வடபாலுள்ள செவியட் மலைச்சாரலில், இரும்புக்கால மக்கள் மண்ணாலும் கல்லாலும் எழுப்பிய அரண்களின் வளையங்கள் குன்றுகளின் உச்சியில் இன்றுந் தெரிகின்றன. தமிழகத்துச் செஞ்சி மூன்று குன்றுகளை மதிலால் இணைத்தது. பொகவந்தலாவையில் அத்தகைய மதிலைத் தேடுவோன் ஏமாற்றமே அடைவான். ஆயின் அரணே இல்லையென்று துணிதலும் பிழை. அரண் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மலையையும் காட்டையும் அரணாகவே எண்ணினாரன்றோ? கண்டியரசு நம்பியது அவ்விரண்டையுமே. 1660 முதல் 1679 வரை சிறையிருந்த றொபேட் நொக்ஸ், ஒடுங்கிய மலைப்பாதைகளில் முட்கதவுகள் இட்டுக் காவலர் நின்றதை எழுதியுள்ளார். கண்டிக்கு ஏறும் வழியைப் பலனைக் கோட்டை காத்தது. 1594இல் தந்துரையிலும் 1638இல் கன்னொருவையிலும் போர்த்துக்கேயர் படை அழிந்தமைக்குக் காடும் கணவாயும் பெருங்காரணங்கள்.

இவ்வரணைத் தகர்த்தது பீரங்கியன்று, பாதையே. 1815இன் பின்னர், சிறப்பாக 1820களில், ஆங்கிலேயர் கொழும்பு-கண்டிப் பெருவழியை அமைத்தனர். பாதையைத் தொடர்ந்து கோப்பி வந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தேயிலை வந்தது. மேற்குமலைச் சரிவுகளின் காடு பெரும்பாலும் தோட்டமாயிற்று. அந்நிலத்தைத் தோட்டமாக்கிய கைகள் தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்தோருடையன. தோட்டங்களின் பெயர்களோ கேர்க்கஸ்வோல்ட் முதலாகத் துரைமாரின் ஊர்களுடையன. (புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் யூலியா மாக்கிரற் கமரன் 1879இல் இறந்து பொகவந்தலாவைத் தேவாலயத்திலே அடக்கம் செய்யப்பட்டதும் இக்காலத்ததே.)

ஹோட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் உலக மரபுரிமைப் பகுதியுள் அடங்கியது. எனினும் அங்கும் புல் முற்றும் பழைய புல்லன்று. 1960களில் உருளைக்கிழங்கு பயிரிட்டுக் கைவிட்ட இடங்கள் வேறுபட்டுத் தோன்றும். ஐரோப்பியர் தம்நாட்டு மேட்டுவெளிகளினின்று கொணர்ந்த கோர்ஸ் என்னும் மஞ்சட்பூ முட்புதரும் பரவியுள்ளது. அதனை வேரோடு அகற்றும் பணி நடைபெற்று வருகின்றது. அதன் விதையோ மண்ணுள் பல்லாண்டு கிடந்து முளைக்கும் இயல்பினது.