பைன் மரத்தைக் கொன்றது யார்?

ஜப்பானில் நாகசாகி பக்கம் 1905-லேயே பைன் மரங்கள் காரணம் தெரியாமல் காய ஆரம்பித்துவிட்டன. ஜூன் மாதம் பச்சைப் பசேலென்று நிற்கும் மரம். செப்டம்பரில் போய்ப் பார்த்தால் ஊசியிலை முழுக்கச் செம்பட்டையாகிச் செத்து நிற்கும். பட்டையை உரித்தால் உள்ளே வண்டுகள், அவை குடைந்த சுரங்கங்கள். சரி, வண்டுதான் கொலைகாரன் என்று முடிவு கட்டினார்கள். கிட்டத்தட்ட 60 வருஷம் அந்த முடிவு மாறவில்லை.

ஆனால் ஒரு விஷயம் இடித்துக்கொண்டே இருந்தது. அந்த வண்டுகள் முட்டை வைப்பது ஏற்கெனவே நோஞ்சானான மரத்தில்தான். நல்ல திடமான பைன் மரத்தைத் துளைத்தால் பிசின் பீறிட்டு வந்து பூச்சியை மூழ்கடித்துவிடும். அப்படியென்றால் வண்டு வருவதற்கு முன்பே மரத்தின் பிசினை நிறுத்தியது யார்?

கியூஷூ தீவில் வன ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த கியோஹாராவும் தொகுஷிகேவும் பூஞ்சையாக இருக்குமோ என்று செத்த மரத்தின் துண்டுகளை ஆராய்ந்தார்கள். பூஞ்சை வளர்த்த தட்டுகளில் ஒரு மில்லிமீட்டர் நீளம்கூடத் தேறாத நூற்புழுக்கள் நெளிந்தன. வேறு யாராவது இருந்தால் 'கல்ச்சர் கெட்டுப்போச்சு' என்று தட்டைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். இவர்கள் அந்தப் புழுக்களையே பெருக்கி நல்ல மரங்களுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். மரங்கள் செத்தன. 1971-ல் முடிவு வெளியானது.

புழு சரி. ஆனால் கால் இல்லாத, இறக்கை இல்லாத இந்த ஜீவன் மரம் விட்டு மரம் எப்படிப் போகிறது? இதற்கான விடைதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. மோனோகாமஸ் என்ற நீள்கொம்பு வண்டு செத்த மரத்துக்குள் கூட்டுப்புழுவாக இருக்கும்போதே, நூற்புழுக்கள் அந்தக் கூட்டைச் சுற்றி வந்து கூடிவிடுகின்றன. வண்டு முழு உருவம் பெற்றதும் அதன் மூச்சுத்துளைகள் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. ஒரே வண்டில் லட்சத்துக்கும் மேல் எண்ணியிருக்கிறார்கள். கோடைத் தொடக்கத்தில் வெளியே பறக்கும் வண்டுக்கு முட்டை வைக்கும் முன் கொஞ்ச நாள் உடம்பு தேற வேண்டும். அதற்காக நல்ல மரங்களின் இளங்கிளைப் பட்டையைக் கடித்துத் தின்கிறது. கடித்த காயத்தில் புழுக்கள் இறங்கிவிடுகின்றன.

உள்ளே போனதும் கோடை வெப்பத்தில் நாலைந்து நாளுக்கு ஒரு தலைமுறை. முதலில் பிசின் நிற்கிறது. பிறகு தண்ணீர் ஏறும் குழாய்களில் காற்று புகுந்து நீரோட்டம் அறுந்துபோகிறது. வேரில் ஈரம் இருந்தும் மரம் தாகத்தில் சாகிறது. சாகிற மரத்தின் வாசனைக்கு அதே வண்டு தேடி வந்து முட்டை வைக்கிறது. வண்டுக்குப் புழு மரத்தைத் தயார் செய்து கொடுக்கிறது, புழுவுக்கு வண்டு வாகனம். முன்னால் எல்லோரும் பார்த்தது இந்தக் கதையின் கடைசிக் காட்சியை மட்டும்தான். (மரத்தில் சின்னத் துளை போட்டுப் பிசின் கசிகிறதா என்று பார்ப்பது இன்றும் எளிய சோதனை. இலை பச்சையாக இருக்கும்போதே நோய் தெரிந்துவிடும்.)

இந்தப் புழு ஜப்பானைச் சேர்ந்ததே இல்லை. 1934-லேயே அமெரிக்காவில் லூசியானா மரக்கட்டையிலிருந்து எடுத்துப் பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே உள்ளூர் பைன் இனங்கள் அதோடு காலங்காலமாக வாழ்ந்து பழகியவை, அதனால் யாரும் பொருட்படுத்தவில்லை. ஜப்பானின் கரும்பைனுக்கும் செம்பைனுக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. பிறகு 1982-ல் சீனாவிலும், 1988-ல் கொரியாவிலும், 1999-ல் போர்ச்சுகலிலும் தலைகாட்டியது. கப்பலில் வரும் மரப்பெட்டிகளிலும் பேலட்டுகளிலும் கோதுமைக்கதிர் படத்தோடு ஒரு முத்திரை பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் ஹெச்.டி. என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிஷம் சூடாக்கியது என்று அர்த்தம். அந்த விதி வந்ததில் இந்தப் புழுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது நிர்வாகத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பான் வந்த ஃபர்னிஸ் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர், செத்த மரத்தை உடனே வெட்டிப் பட்டையோடு எரித்துவிடுங்கள் என்றார். அவருக்குப் புழுவைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஆனாலும் சேதம் குறைந்தது, ஏனென்றால் எரிந்தது வாகனம். உண்மையான காரணம் 1971-ல் தெரிந்த பிறகோ சேதம் ஏறி, 1979-ல் ஒரே வருஷத்தில் சுமார் 24 லட்சம் கன மீட்டர் மரம் போனது. கேட்க விநோதமாக இருக்கும். நடுவில் அடுப்பு மாறிவிட்டது. கேஸும் மண்ணெண்ணெயும் வந்ததும் கிராமத்தார் விறகுக்கு மலை ஏறுவதை நிறுத்தினார்கள். முன்பெல்லாம் பட்டுப்போன மரம் அடுப்புக்குப் போனது, வண்டும் கூடவே எரிந்தது. இப்போது காட்டிலேயே நின்று அடுத்த வருஷ வண்டுகளை வளர்த்தது. என் கணக்கில், விறகு பொறுக்கிய பெண்கள் செய்த வேலையை எந்த வனத்துறையாலும் அதே அளவில் செய்ய முடியவில்லை.

1977-ல் தனிச் சட்டம் போட்டு ஹெலிகாப்டரில் மருந்து தெளித்தார்கள். மற்ற உயிர்களுக்கும் மனிதருக்கும் ஆகாது என்று எதிர்ப்பு கிளம்பியது, 1997-ல் சட்டம் காலாவதியானது. கோயில் மரம், கடற்கரை மணலைத் தடுக்கும் தோப்பு மாதிரி முக்கியமான மரங்களுக்கு ஊசி போடுகிறார்கள். காடு முழுக்க அது கட்டுப்படியாகாது.

1978-ல் இன்னொரு வேலையும் ஆரம்பித்தது. எல்லாம் செத்த இடத்தில் பிழைத்து நின்ற சுமார் 25,000 மரங்களைத் தேர்ந்து, அவற்றுக்குப் புழு செலுத்திச் சோதித்ததில் கடைசியில் தேறியவை 92 செம்பைன், 16 கரும்பைன். இன்று தோப்புகளில் நடும் பல கன்றுகள் அந்த 108-ன் வாரிசுகள். அவற்றிலும் எல்லாமே தாங்குவதில்லை. அதனால் சில நர்சரிகளில் கன்றுக்குப் புழுவைக் கொடுத்துவிட்டு, ஒரு கோடை கழித்து உயிரோடு நிற்பதை மட்டும் விற்கிறார்கள்.