பம்ப்பை நிறுத்தினாலும் பாறை நிற்பதில்லை

2017 நவம்பர் 15 அன்று தென்கொரியாவின் போஹாங் நகரை நிலநடுக்கம் உலுக்கியது. ரிக்டர் அளவில் 5.4. மறுநாள் நடக்கவிருந்த நாடு தழுவிய பல்கலைக்கழக நுழைவுத் தேர்வே ஒரு வாரம் தள்ளிப்போனது. அரசு அமைத்த ஆய்வுக் குழு 2019 மார்ச்சில் காரணத்தை அறிவித்தது: நகருக்கு அருகே நடந்துவந்த புவிவெப்ப மின்திட்டமே இந்த நடுக்கத்தைத் தூண்டியது.

புகையில்லாமல், இரவு பகல் பாராமல் மின்சாரம் தரக்கூடியது புவிவெப்பம். நான்கைந்து கிலோமீட்டர் ஆழத்தில் கிரானைட் நன்றாகச் சூடேறியிருக்கும். ஆனால் அதற்குள் தண்ணீர் எளிதில் ஓடாது. அதனால் ஆழ்துளைக் கிணறு வழியே கடும் அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்திப் பாறையின் விரிசல்களைத் திறக்கிறார்கள். சூடேறிய நீரை இன்னொரு கிணறு வழியே மேலே எடுத்து டர்பைனை ஓட்டலாம்.

சிக்கலும் அந்த விரிசல்களில்தான். விரிசலின் இரு முகங்களும் மேலுள்ள பாறையின் பாரத்தால் இறுகி, உராய்வால் நகராமல் நிற்கின்றன. உள்ளே புகும் நீர் அந்த இறுக்கத்தைத் தளர்த்துகிறது. ஏற்கெனவே நகரத் தயாராக இருக்கும் பிளவு என்றால், அதுவே போதும். பம்ப்பை நிறுத்திய பிறகும் அழுத்தம் பாறைக்குள் பரவிக்கொண்டே இருக்கும். சுவிட்சர்லாந்தின் பாஸலில் 2006 டிசம்பரில் நீர் செலுத்துவதை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துத்தான் 3.4 அளவு நடுக்கம் வந்தது. போஹாங்கில் இரண்டு மாத இடைவெளி.

விரிசல்களின் இந்த நடத்தையை ஆய்வகத்தில் மட்டும் கற்க முடியாது. கையளவு பாறைத் துண்டை இயந்திரத்தில் நசுக்கினால் அந்தத் துண்டின் பலம் தெரியும். மலையின் பலம் தெரியாது. மலையில் ஆயிரம் விரிசல்கள் உண்டு. அதனால்தான் சூரிச்சின் ஈடிஹெச் பல்கலைக்கழகம் ஆல்ப்ஸ் மலைக்குள்ளேயே போய்விட்டது. ஃபுர்கா ரயில் சுரங்கம் கட்டுவதற்காகக் குடைந்த பெட்ரெட்டோ சுரங்கத்தில், தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை நிற்க, 2019 முதல் ஆய்வகம் நடத்துகிறது. அங்கே கிரானைட்டில் துளையிட்டு நீரைச் செலுத்துகிறார்கள். பக்கத்துத் துளைகளில் பதித்த உணர்கருவிகள் ரிக்டர் பூஜ்யத்துக்கும் வெகு கீழான, மனிதர் எவரும் உணர முடியாத அதிர்வுகளைப் பதிவு செய்கின்றன. எந்த அழுத்தத்தில் எந்த விரிசல் நழுவுகிறது என்பதைப் பக்கத்திலிருந்தே பார்க்கும் அரிய வாய்ப்பு இது.

புவிவெப்பத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அது நமக்குத் தேவை. ஆனால் போஹாங்கில் 2017 ஏப்ரலிலேயே 3-ஐத் தாண்டிய அதிர்வு எச்சரித்தது. அதன் பிறகும் தண்ணீர் செலுத்தினார்கள். அப்போதே நிறுத்தி, அடியில் இருந்த பிளவை ஆராய்ந்திருக்க வேண்டும்.