உங்களுக்குத் தெரியுமா? தற்காப்பு வீரரின் இருதயம்

கால்பந்து ரசிகர்கள் நன்கறிந்த தற்காப்பு வீரர் அன்வர் அலிக்கு, இருதயத்தின் இடது கீழறை நுனியில் தசை தடித்துப்போகும் வியாதி இருப்பதை 2019-ஆம் வருஷத்து வைத்தியப் பரிசோதனை வெளிப்படுத்தியது. ஆட்டத்தின் நடுவே திடீர் மரணம் சம்பவிக்கக்கூடும் என்ற அச்சத்தால், 2020-இல் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் அவரைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தபோதும், அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் குறுக்கே நிற்க, அவர் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினார். பின்னர் அனுமதி பெற்று, கோவா கழகத்தில் சேர்ந்து, 2022-இல் தேசிய அணியில் இடம்பெற்று, அப்பால் மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடினார். திறமையொன்றையே கண்டு ஒப்பந்தம் செய்வதும், நோயொன்றையே கண்டு ஒதுக்குவதும் சமமான அநீதியே; ஈ.சி.ஜி., எக்கோ பரிசோதனைகளைத் தவறாது நடத்தி, இருதய நிபுணரின் ஆலோசனைப்படி தீர்மானிப்பதே கழகங்களின் தர்மம்.