தோட்டத்தின் பருவங்களே பாலர் வகுப்பின் பாடம்

பாலர் வகுப்பிலிருந்து வீடு திரும்பும் பிள்ளையை, “இன்று என்ன படித்தாய்?” என்று கேட்கிறோம். “கொட்டை பொறுக்கினோம், இலை ஒட்டினோம்” என்று விடை வருகிறது. கேட்ட பெற்றோருக்கு மனம் சற்றே சோர்ந்து போகின்றது. எழுத்தும் எண்ணும் கற்க அனுப்பினால் பிள்ளை விளையாடித் திரும்புகிறதே என்று எண்ணுகின்றனர். சிலர் பிள்ளையை வகுப்புக்கு அனுப்புவதையே நிறுத்திவிடுகின்றனர். ஆகவே, இந்த விளையாட்டின் பயன் யாது என்பதைத் தோட்டப்புறப் பெற்றோர் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

செருமனி நாட்டுக் கல்வியாளரான பிரோபெல் என்பார் 1837-ஆம் ஆண்டில் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறுவர்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1840-இல் அதற்குக் ‘கிண்டர்கார்டன்’ என்று பெயரிட்டார். ‘குழந்தைகளின் தோட்டம்’ என்பது அதன் பொருள். நம் நாட்டில் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையின் ஓர் அங்கமாக ஆக்கியது. தோட்டத்திலேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு அப்பெயர் மிகப் பொருத்தமானது. ஆண்டு முழுவதும் அவர்களைச் சுற்றிப் பாடப் பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன.

கை பழகுதல்

புதிதாகப் பால் வெட்டப் பழகுகிறவரிடம் முதல் நாளே நல்ல இளமரத்தை யாரும் ஒப்படைப்பதில்லை. உளியின் ஆழமும் சாய்வும் கைக்குப் பழகாதவரை பட்டை காயப்படும் என்பதை நாம் அறிவோம். முதிய மரத்தில் கை பழகிய பின்னரே அவருக்கு நிரை கிடைக்கும். ஐந்து வயதுப் பிள்ளையின் கையும் அத்தகையதே. விரல்களின் சிறு தசைகள் இன்னும் உரம் பெறவில்லை. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றும் சேர்ந்து பென்சிலைப் பிடிக்க வேண்டும். அதே மூன்று விரல்கள்தாம் தரையில் கிடக்கும் விதையை எடுக்கின்றன, தாளைக் கிழிக்கின்றன, மாவை உருட்டுகின்றன. இவற்றில் பழகிய கை ஏழாம் வயதில் முதலாம் ஆண்டு வகுப்பில் எழுதத் தயங்காது.

இலை உதிரும் காலம்

பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சுத் திங்களையொட்டி இரப்பர் மரங்கள் இலையுதிர்க்கின்றன. அக்காலத்தில் பால் குறைந்து வருமானமும் குறைவதால், பெரியவர்களுக்கு அது கவலை தரும் காலம். பாலர் வகுப்புக்கோ அது செல்வம் கொழிக்கும் காலம்.

மஞ்சள், செம்மை, பழுப்பு என இலைகளை நிறவாரியாகப் பிரித்து அடுக்கச் சொல்லலாம். இரப்பர் மரத்தில் ஒரு காம்புக்கு மூன்று சிற்றிலைகள் உண்டு. ஒரு காம்பு மூன்று, இரண்டு காம்புகள் ஆறு, மூன்று காம்புகள் ஒன்பது என்று எண்ணும் பிள்ளை, பெயர் அறியாமலேயே மூன்றாம் வாய்பாட்டைத் தொடங்கிவிடுகிறது. தாளின் அடியில் இலையை வைத்து மேலே வண்ணக்கோலால் தேய்த்தால் நரம்புகள் அச்சாக எழும்.

இலையை இரண்டு மூன்று வாரம் நீரில் ஊறவைத்தால் சதைப்பகுதி அழுகிவிடும். பின்னர் பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்துக் கழுவினால் வலைபோன்ற நரம்பு மட்டும் எஞ்சும். உலர்த்தி வண்ணமிட்டால் அழகிய வாழ்த்து அட்டை ஆகும். ஊறவைக்கும் பாத்திரத்தை இறுக மூடிவைத்தல் மிகவும் இன்றியமையாதது. திறந்த நீரில் டெங்கிக் கொசு முட்டையிட்டால், ஒரு வாரம் பத்து நாள்களிலேயே அவை கொசுக்களாகிவிடும்.

புதுத்தளிர் வரும்போது அது செம்பு நிறமாக இருப்பதையும், நாளடைவில் பச்சையாக மாறுவதையும் வாரம் ஒரு முறை பார்த்து வண்ணந்தீட்டச் செய்யலாம்.

கொட்டை வெடிக்கும் காலம்

ஆகஸ்டு, செப்டம்பர்த் திங்களையொட்டி வெயிலில் காய்கள் படீரென வெடித்து விதைகளைத் தெறிக்கும். விதையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தோழர் கையில் சூடு வைத்ததையும், இரண்டு விதைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கையால் குத்தி எது உடைகிறதெனப் பார்த்ததையும் தோட்டத்தில் வளர்ந்தோர் மறந்திருக்கமாட்டார்.

பாலர் வகுப்பில் இவ்விதைகள் எண் பயிற்சிக்கு உதவும். பத்துப் பத்தாகக் குவிக்கலாம். பழைய மூடிகளில் ஒன்று முதல் பத்து வரை எழுதி, அத்தனை விதைகளை இடச் சொல்லலாம். ஒவ்வொரு விதையின் புள்ளியும் கோடும் வேறுபட்டிருப்பதால், ஒன்றைக் கையில் கொடுத்து நன்கு பார்க்கச் செய்து, மற்றவற்றோடு கலந்தபின் அதையே கண்டெடுக்கச் சொல்வது கூர்ந்து நோக்கும் பயிற்சியாகும். புதிய விதைகளை ஈரமணலில் ஊன்றினால் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் முளைக்கக் காணலாம். பழைய விதை எளிதில் முளைக்காது.

ஆகஸ்டு 31-ஆம் நாள் தேசிய தினம். கொடியின் பதினான்கு பட்டைகளில் ஏழு சிவப்பு, ஏழு வெள்ளை; விண்மீனுக்குப் பதினான்கு முனைகள். பதின்மூன்று மாநிலங்களையும் மத்திய அரசாங்கத்தையும் அவை குறிக்கின்றன. வண்ணத்தாளைக் கையால் கிழித்து ஒட்டிக் கொடி செய்யும் பிள்ளை, எண்ணோடு நாட்டையும் அறிந்துகொள்கிறது.

மழையும் திருநாள்களும்

ஆண்டிறுதி மழைக்காலத்தில் நேரான பக்கமுள்ள ஒரு தகரக் குவளையை வெளியில் வைத்து, தேங்கிய நீரின் உயரத்துக்குச் சமமாக நீலத்தாள் வெட்டி நாள்தோறும் சுவரில் ஒட்டலாம். அளந்தவுடன் நீரைக் கொட்டிவிட வேண்டும். மரம் நனைந்து அப்பா பால் வெட்டாத நாள் எது என்று அத்தாள்களைக் காட்டிக் கேட்டால், பிள்ளை உடனே கூறும். மழைக்கும் வீட்டு வருவாய்க்கும் உள்ள தொடர்பு அதற்குப் புலனாகும்.

தீபாவளிக்குக் கோதுமை மாவும் உப்பும் பிசைந்து அகல் செய்யலாம். சனவரித் திங்களில் பொங்கலுக்குப் புள்ளி வைத்துக் கோலமிடலாம். ஈரப்பஞ்சில் பச்சைப்பயறு முளைக்கவிடலாம். நோன்புப் பெருநாளுக்குத் தாள் கீற்றுகளை மேலும் கீழுமாகப் பின்னிக் கெத்துப்பாட் கூடுபோல் செய்யலாம். இசுலாமிய ஆண்டு சுமார் பதினொரு நாள் குறைவானதால், இப்பெருநாள் ஆண்டுதோறும் முன்னோக்கி வரும். ஆசிரியர் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

இரப்பர் விதையைப் பச்சையாக உண்பது நஞ்சு. வாயில் வைக்கக்கூடாதென்று பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பக் கூற வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அருகில் விதைகளை விடுதல் ஆகாது; தொண்டையில் சிக்கும். பால் உறையப் பயன்படும் காடியையும், களைக்கொல்லி இருந்த கலன்களையும் எத்துணை கழுவினாலும் கைவேலைக்குத் தருதல் கூடாது. காட்டோரத்தில் பொறுக்கப் பிள்ளைகளைத் தனியே அனுப்பாது, பெரியவர்களே சேகரித்துத் தருதல் பாதுகாப்பு.

பெற்றோர் பங்கு

காலை இருள் விலகுமுன் வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு ஓய்வு அரிது. எனினும் நாளுக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளை செய்து வந்ததை வாங்கிப் பாருங்கள். எத்தனை விதை, என்ன நிறம், எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். விளக்கிச் சொல்ல முயலும்போதுதான் சொல்வளம் பெருகுகின்றது. ‘இலை’ என்று தமிழில் நன்கறிந்த பிள்ளைக்கு, ஆசிரியர் அதனை ‘டாவுன்’ என்று தேசிய மொழியில் கூறும்போது மனத்தில் எளிதில் பதியும். வேலை முடிந்து திரும்புகையில் ஒரு கைப்பிடி இலையோ விதையோ வகுப்புக்கென எடுத்து வாருங்கள்.

எழுத்து பிந்தி வருகிறதே என்று அஞ்சிப் பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்திவிடுவது, பால் குறைந்ததென்று இலையுதிரும் மரத்தை வெட்டுவதற்கு ஒப்பாகும். தளிர் வரும் காலம் வரை காத்திருப்பது தோட்டத் தொழிலாளர்க்குப் புதிதன்று. அதே பொறுமையைப் பிள்ளையிடமும் காட்டுவோமாக.