கிளிப்புக்கு லேசர் வேண்டுமா?

டீ சூடாக இருக்கிறது. ஆறட்டும், அதுவரை பேசுவோம். மகளுக்குப் பல்லில் கிளிப் போட வேண்டும், இரண்டு வருடம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "லேசர் வைத்தால் சீக்கிரம் முடியுமாமே?" என்று யாரோ உங்கள் காதில் போட்டிருக்கிறார்கள்.

முதலில் பல் நகர்கிற விதம். பல் எலும்பில் அறைந்த ஆணி அல்ல. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூடத் தேறாத ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கம்பி இழுக்கும்போது முன்பக்கம் அது நசுங்கும். எலும்பைக் கரைக்கும் செல்கள் அங்கே வந்து சேரும். பின்பக்கம் அது இழுபடும். எலும்பு கட்டும் செல்கள் அங்கே வேலையைத் தொடங்கும். முன்னால் தோண்டுகிறவர்கள், பின்னால் மூடுகிறவர்கள். இரு தரப்பும் சேர்ந்து உழைத்தும் மாதம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். பலமாக இழுத்தால் வேகம் கூடாது. நசுங்கிய இடத்தில் ரத்தம் நின்று பல் முரண்டு பிடிக்கும், வேரும் கரையலாம்.

ஆக, கம்பியை முடுக்கிப் பயனில்லை. வேலையாட்களைத்தான் முடுக்க வேண்டும். லேசர் இங்கேதான் வருகிறது. இது வெட்டும் லேசர் அல்ல. சூடுகூடத் தெரியாத மெல்லிய ஒளி. 1967-ல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் மயிர் மழித்த எலிகள்மேல் இப்படிப்பட்ட ஒளியைப் பாய்ச்சினார். மயிர் சீக்கிரம் முளைத்தது. செல்லின் மைட்டோகாண்ட்ரியா இந்த ஒளியை உறிஞ்சிக் கூடுதல் ஆற்றல் தயாரிக்கிறது என்பது விளக்கம். ஈறின்மேல் பாய்ச்சினால் எலும்புச் செல்களும் சுறுசுறுப்பாகும் என்பது கணக்கு.

கணக்கு பலித்ததா? இதைச் சோதிக்க அழகான வழி உண்டு: ஒரே வாயில் ஒரு பக்கத்துக் கோரைப்பல்லுக்கு லேசர், மறுபக்கத்துக்குக் கிடையாது. 2004-ல் பிரேசிலில் 11 பேரிடம் செய்தார்கள். லேசர் பக்கம் 34 சதவீதம் அதிகம் நகர்ந்தது. 2006-ல் தாய்லாந்தில் 12 பேர். குறிப்பிடும்படி வித்தியாசமே இல்லை. இரண்டிலும் ஒளியின் அலைநீளம் வேறு, அளவு வேறு. பல ஆய்வுகளைச் சலித்து எடுத்த காக்ரேன் குழு 2023-ல் சொன்னது: லேசரால் சிகிச்சைக் காலம் குறைவதாகத் தெரியவில்லை, இருக்கிற சான்றும் பலவீனமானது.

இன்னொன்றும் கவனியுங்கள். கோரைப்பல் சீக்கிரம் நகர்ந்துவிட்டால் சிகிச்சையே முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மற்ற பற்களை வரிசைக்குக் கொண்டுவர வேண்டும், கடி பொருந்த வேண்டும், பிறகு பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கும் ரீட்டெய்னரும் போட வேண்டும்.

ஆகவே லேசருக்குத் தனிக் கட்டணம் கேட்டால், எத்தனை மாதம் மிச்சமாகும், அதற்கு எத்தனை முறை கூடுதலாக வர வேண்டும் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன தேதிக்குத் தவறாமல் போவதும், முறுக்கைக் கடித்துக் கிளிப்பை உடைத்துக்கொள்ளாமல் இருப்பதும் செலவில்லாமலே நாட்களை மிச்சப்படுத்தும்.